பள்ளித் தோழனுக்குப் பட்ட கடன்



ஒரு நாள் காலையில் உங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. உயர்நிலைப் பள்ளியில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் இறந்துபோனான். திடுக்கிடுகிறீர்கள். "ஆழ்ந்த இரங்கல்" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்புகிறீர்கள். பிறகு காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறீர்கள். அவ்வளவுதானா? அவனுக்கு நாம் செய்ய வேண்டியது அதோடு தீர்ந்ததா? மரித்தோரை நினைக்கும் இந்த நவம்பர் மாதத்தில் இதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

உறவினர் இறந்தால் செய்ய வேண்டியதை ஊர் வழக்கம் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளித் தோழனுக்கோ வழக்கம் ஒன்றும் விதிக்கவில்லை. அவன் நமக்குச் சொந்தமல்ல. அவன் சாதி வேறாயிருக்கலாம், வேதமும் வேறாயிருக்கலாம். ஆயினும் நம்முடைய பன்னிரண்டு வயது முகத்தை அறிந்தவன் அவன். அவனுடைய பன்னிரண்டு வயது முகத்தை அறிந்தவர்கள் நாம். இந்தச் சாட்சியம் சிலரிடம் மட்டுமே இருக்கிறது.

அர்ச். அகுஸ்தீன் தமது 'பாவசங்கீர்த்தனங்கள்' என்னும் நூலின் நாலாம் புத்தகத்தில் இப்படிப்பட்ட ஒரு தோழனைப்பற்றிச் சொல்லுகிறார். இருவரும் தகாஸ்தே என்னும் ஊரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள், ஒன்றாக விளையாடியவர்கள். வாலிபத்தில் அந்தத் தோழன் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவன் கண் விழித்ததும் அகுஸ்தீன் அதைக் கேலி பேசினார். தோழனும் சேர்ந்து சிரிப்பான் என்று எண்ணினார். அவனோ பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, நண்பனாயிருக்க விரும்பினால் இப்படிப் பேசாதே என்று கண்டித்தான். சில நாளில், அகுஸ்தீன் அருகில் இல்லாத வேளையில், மறுபடி காய்ச்சல் கண்டு இறந்தான்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், மேற்றிராணியாராயிருந்த காலத்தில், அகுஸ்தீன் இதை எழுதினார். தோழனின் பெயரைச் சொல்லவில்லை. தமது கேலியை மட்டும் மறைக்காமல் சொன்னார். இறந்தவனை நினைப்பது என்றால், அவனுக்கு நாம் செய்த குறையையும் சேர்த்து நினைப்பதுதான்.

இதை எழுதுகிறவனும் குற்றமற்றவனல்ல. நான் கணக்கில் தேறியது ஒரு தோழனால். பரீட்சைக்கு முந்திய மாதம் முழுவதும் மாலைதோறும் ராமநதிக் கரையில் உட்கார்ந்து எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தான். நான் தேறி உத்தியோகத்துக்குப் போனேன். அவன் குடும்பக் கஷ்டத்தால் மேலே படிக்கவில்லை. பிற்காலத்தில் குடியில் விழுந்தான். ஒரு நாள் தென்காசிப் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டான். அவன் முகம் மலர்ந்தது. நானோ, பணம் கேட்பானோ என்று அஞ்சி, பார்க்காதவன்போல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதன்பின் அவனைப்பற்றி நான் கேட்டது அவன் மரணச் செய்திதான். கூடப் படித்தவர்களெல்லாம் "தங்கமான மனிதன்" என்று எழுதினார்கள். நானும் அப்படியே எழுதினேன். விரல் கூசிற்று.

உயிரோடு இருக்கும்போது ஒதுங்கிப் போய், இறந்தபின் புகழும் வழக்கம் நம் கடையத்துக்குப் புதிதல்ல. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், தம் மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊராகிய இங்கே வந்து 1920 வரையில் குடியிருந்தார். சாதி பாராமல் பழகியவரை அக்காலத்து அக்கிரகாரம் ஏற்கவில்லை. 1921 செப்டம்பரில் அவர் திருவல்லிக்கேணியில் இறந்தபோது சுடுகாடு வரையில் நடந்தவர்கள் வெகு சிலரே. இன்று அவர் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படுவது தவறல்ல. ஆனால் மாலை போடுவதற்கு ஆகும் செலவு குறைவு. வாசலில் வந்து நிற்கிறவனை உள்ளே அழைத்து உட்கார வைப்பதற்கு ஆகும் செலவு அதிகம்.

அப்படியானால் காலம் கடந்தபின் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தின் 12-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். யூதா மக்கபே போரில் மாண்ட தம் வீரரை அடக்கம் செய்யப் போனபோது, அவர்கள் ஆடைக்குள் விலக்கப்பட்ட விக்கிரகச் சின்னங்கள் இருக்கக் கண்டார். அவர்களுடைய குற்றத்தை அவர் மூடி மறைக்கவில்லை. குற்றவாளிகள் என்று கைவிடவும் இல்லை. உடனிருந்தவர்களிடம் ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளி நாணயம் வசூலித்து, அவர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க யெருசலேமுக்கு அனுப்பினார். குடித்துக் கெட்டவனைக் குடிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். அவன் நம் வேதத்தவனல்லவே என்று தயங்காதீர்கள். பூசையில் குருவானவர் மரித்த எல்லாருக்காகவுமே மன்றாடுகிறார்.

ஜெபத்தோடு நின்றுவிடலாமா? நான் காலந்தாழ்ந்தே என் தோழனின் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் திண்ணையில் இருந்தாள். "உங்க அப்பாதாம்மா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாரு. அவரு இல்லைன்னா நான் பாஸாகியிருக்க மாட்டேன்" என்றேன். அந்தப் பெண் தன் தகப்பனைத் தள்ளாட்டத்தோடும் கடன்காரர்களோடும் மட்டுமே அறிந்தவள். "எங்க அப்பாவா மாமா? கணக்கா?" என்று கேட்டாள். பிறகு தன் பையனைக் கூப்பிட்டு, "இங்க வா, தாத்தாவைப் பத்திச் சொல்றாங்க, கேளு" என்று பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அன்றுதான் ஒன்று விளங்கிற்று. இறந்தவனுடைய சொத்தில் ஒரு பங்கு நம்மிடம் இருக்கிறது. அவன் பிள்ளைகள் பார்த்திராத அவனுடைய பால்யம் அது. அதை நாமே வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவது நியாயமல்ல. உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். பள்ளித் தோழனுக்கு நாம் பட்ட கடன் இதுவே.

இன்னும் உயிரோடு இருக்கும் தோழர்களை மறவாதிருக்க, நம் கடற்கரை மக்களுக்கு வேதம் போதித்த அர்ச். சவேரியார் வழி காட்டுகிறார். பாரீஸ் கல்லூரியில் அவரும் பீட்டர் பேபரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். தூர தேசத்திலிருந்த சவேரியார், தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்தைக் கத்தரித்துத் தம்மோடு வைத்திருப்பதாக 1546-ல் அம்போன் தீவிலிருந்து எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டு 1-ல் பேபர் ரோமையில் இறந்தார். பின்னர் மலாக்காவிலிருந்து கொச்சிக்கு வரும் வழியில் கப்பல் புயலில் சிக்கியபோது, சவேரியார் மோட்சத்திலிருக்கும் அந்தப் பழைய அறைத் தோழனையும் துணைக்கு வேண்டிக்கொண்டதாக 1548-ல் எழுதியிருக்கிறார். 2013-ல் திருச்சபை பேபரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தது. உயிரோடிருந்தவனை நெஞ்சில் வைத்திருந்ததால், இறந்தவனைத் தேடி அவர் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை.

ஆகையால், அன்பர்களே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வகுப்பில் இருந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். மரித்தவர்களுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டாரிடம் போய், நீங்கள் அறிந்த ஒரு நல்ல சம்பவத்தையாவது சொல்லுங்கள். உயிரோடிருப்பவர்களில் எவனைக் கண்டால் ஒதுங்கிப் போகிறீர்களோ, அவன் வீட்டுக்கு முதலில் போங்கள். பேருந்து நிலையத்தில் அவன் முகம் இன்னொரு முறை மலரும் என்பதற்கு உறுதி ஒன்றுமில்லை.