உராய்வும் ஒளியும்

துன்பம் மனிதனைப் பண்படுத்துமா? இவ்வினாவிற்கு 'ஆம்' என விடை பகர்வோரே உலகில் மிகப் பலர். அவர்கள் தம் கருத்திற்குச் சான்றாகப் பெரும்பாலும் கல்லையே காட்டுவர். தீட்டத் தீட்டச் சுடர்விடும் வைரத்தையும், ஆற்று வெள்ளத்தில் உருண்டு வழவழப்பான கூழாங்கல்லையும் சுட்டி, "கல்லே உராய்வினால் ஒளி பெறும்போது மனிதன் துன்பத்தினால் ஒளி பெறமாட்டானா?" என்று கேட்பர். உவமை அழகியதுதான். ஆயினும், உவமையொன்றைச் சான்றாக ஏற்குமுன், கல் உண்மையில் எவ்வாறு மெருகு பெறுகின்றது என்பதை நாம் அருகே சென்று காணுதல் வேண்டும்.

மணிக்கற்களுக்கு வழங்கப்பெறும் வடிவங்களுள் ஒன்று 'கபோஷான்'. தலை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து பிறந்த பெயர் இது. பட்டைகள் இன்றி, அடி தட்டையாகவும் மேற்புறம் குவிந்தும் அமைவது இதன் இலக்கணம். இத்தகைய கற்கள் பலவற்றை ஒருசேர மெருகேற்றுவதற்கு, மின்விசையால் மெல்லச் சுழலும் சிறு உருளைக் கலமொன்றைப் பயன்படுத்துவர். கற்களோடு நீரும் சிலிக்கன் கார்பைடு என்னும் உராய்வுத் தூளும் அதனுள் இடப்படும். முதலில் பருந்தூள், பின்னர் படிப்படியாக நுண்தூள், இறுதியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுத்தூள் என, படியொன்றுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கலம் இரவும் பகலும் சுழலும். கரடான கல் ஒளி பெற ஒரு திங்களேனும் ஆகும்.

இப்பணியில் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை சில உள. முதலாவது, எல்லாக் கற்களையும் ஒன்றாக இடுதல் ஆகாது. ஜெர்மானியக் கனிம அறிஞர் பிரெடரிக் மோஸ் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த பத்துப்படிக் கடினத்தன்மை அளவையில், அகேட் கல் ஏறத்தாழ 7ஆம் படியில் நிற்கும். புளோரைட் 4ஆம் படியிலேயே நின்றுவிடும். இவ்விரண்டையும் ஒரே கலத்தில் இட்டால் அகேட் மெருகு பெறும். புளோரைட் தேய்ந்து உருவிழக்கும். இரண்டாவது, கலத்தில் மூன்றில் இரு பங்கேனும் நிறைந்திருத்தல் வேண்டும். குறைந்தால் கற்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து விரிசல் காணும். மூன்றாவது, ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லுமுன் கற்களையும் கலத்தையும் நன்கு கழுவுதல் வேண்டும். எஞ்சிய பருந்தூள் சிறிதே ஆயினும், அது இறுதி மெருகில் கீறல்களை விளைத்துவிடும். நான்காவது, கபோஷான்கள் சக்கரத்தில் தீட்டப்பெற்று முன்னரே வடிவம் எய்தியவை. அவற்றைப் பருந்தூளில் இட்டால் விளிம்பு மழுங்கி வடிவமே கெடும். ஆகவே அவற்றை நுண்தூளிலிருந்தே தொடங்குவர்.

இவற்றால் பெறப்படுவது யாது? கல்லுக்கு ஒளி தந்தது உராய்வு மட்டும் அன்று. கல்லின் தன்மையை முன்னரே அறிந்து, அதற்கேற்ற தூளைத் தேர்ந்து, உரிய வேளையில் நிறுத்திய ஒருவரின் அறிவே உராய்வை மெருகாக மாற்றியது. அவ்வறிவு இல்லாவிடத்து அதே கலம், அதே தூள், அதே சுழற்சி கல்லைச் சிதைத்துவிடும்.

இதனினும் கசப்பான சான்றொன்றும் உண்டு. குசராத்து மாநிலத்தின் கம்பாத் நகரம் அகேட் மணிகளுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மின்விசைக் கலங்கள் வருமுன், மணிகளை உராய்வுத் தூளோடும் நீரோடும் தோற்பையில் இட்டு, பல நாள்கள் இருவர் முன்னும் பின்னும் உருட்டி அங்கு மெருகேற்றி வந்தனர். அந்நகரின் மணித்தொழிலாளர் பலரைச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பற்றியுள்ளதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. கல்லைச் சக்கரத்தில் தீட்டும்போது எழும் நுண்தூசி மூச்சோடு உட்புகுந்து நுரையீரலைத் தழும்பாக்குவதே அந்நோய். அதனை முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. தீட்டுதல் ஒன்றே, கல் ஒளி பெற்றது, தீட்டியவர் மூச்சிழந்தார். உராய்வு தன்னியல்பிலேயே நன்மையாயின், இவ்வேறுபாடு எங்ஙனம் விளைந்தது?

அங்ஙனமாயின் துன்பமும் உழைப்பும் வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். தீண்டப்படாத கல் தானே மெருகு பெறுவதில்லை. பயிலாத மாணவன் புலமை எய்துவதும் இல்லை. நாம் மறுப்பது உழைப்பை அன்று. பிறர்மேல் சுமத்திய துன்பத்திற்குப் பின்னர் 'பண்படுத்தல்' என்று பெயர் சூட்டும் வழக்கத்தையே மறுக்கின்றோம். "அடித்து வளர்த்ததால்தான் இவன் ஆளானான்" என்று கூறுவோர், ஒளி பெற்று வெளிவந்த கற்களை மட்டுமே எண்ணுகின்றனர். கலத்தின் அடியில் சேறாய்ப் படிந்தவற்றை அவர்கள் எண்ணுவதில்லை. வென்றவன் மேடையேறித் தன் வறுமையைப் புகழ்ந்து பேசுகின்றான். அதே வறுமையில் பள்ளியை விட்டு நின்றவனுக்கு மேடை ஏது?

மேலும், கல்லுக்கும் மனிதனுக்கும் இடையே உவமையால் தாண்ட இயலாத வேறுபாடொன்று உண்டு. கல் பேசாது, மனிதன் பேசுவான். கல்லைச் சுழற்றுவோர் இடையிடையே கலத்தைத் திறந்து, கற்களைக் கழுவி, ஒவ்வொன்றாக ஒளியில் பிடித்துப் பார்க்கின்றனர். பேசாக் கல்லுக்கே இத்துணைக் கவனம் தேவையெனில், "எனக்கு வலிக்கின்றது" என்று சொல்லவல்ல சிறுவனுக்கு எத்துணைக் கவனம் தேவை! ஒரு வகுப்பில் நாற்பது பேர் அமர்ந்திருப்பினும் அவர்தம் உள்ளத்தின் கடினம் ஒன்றாக இராது. ஒருவனைத் தூண்டும் கடுஞ்சொல் இன்னொருவனை உடைத்துவிடும்.

ஆகவே, துன்பம் மனிதனைப் பண்படுத்துமா என்னும் வினாவைச் சற்றே மாற்றிக் கேட்போம். இத்துன்பத்தை அளந்து இடுபவர் யார்? அவர் இம்மனிதனை அறிவாரா? எப்போது நிறுத்துவது என்பது அவருக்குத் தெரியுமா? இவற்றுக்கு விடை கூற இயலாதவர், தம் கையிலுள்ள பருந்தூளைக் கீழே வைத்துவிடுதலே அறம்.