கருதப்படும் வெளிநாடு

ஊத்தங்கரையில் விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். என் சித்தி மகள் அதில் ஏறி பர்கூர் சிப்காட்டுக்குப் போகிறாள், ஷூ தைக்க. அவள் வேலை செய்வது சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒன்றில். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட மண்டலத்தை இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் ‘கருத’ச் சொல்கிறது. இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“அப்போ தெனமும் பாஸ்போர்ட் இல்லாம ஃபாரின் போயிட்டு வர்றேனா அண்ணா?”

நானும் பெங்களூரில் அப்படியொரு மண்டலத்துக்குள்தான் வேலை பார்த்தேன். லேப்டாப்பை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வாங்கியபோதுகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பொருள் வெளிநாட்டில், ஆள் உள்நாட்டில். இது நியாயமா?

1965-லேயே காண்ட்லாவில் ஏற்றுமதி மண்டலம் தொடங்கிய நாடு நாம். ஆனால் 2000-இல், சீனா போய்வந்த அன்றைய வணிக அமைச்சர் முரசொலி மாறன் புதிய கொள்கையை அறிவித்தபோது, முன்மாதிரியாக இருந்தது 1980-இல் உருவான ஷென்ஜென். அங்கே மண்டலத்தைச் சுற்றி வேலியே போட்டார்கள். அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்திருந்தது. வெளியூர்ச் சீனர் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த எல்லையை நீக்க 2018-இல்தான் ஒப்புதல் வந்தது.

நம் சட்டம் ஆளுக்கு வேலி போடவில்லை. அதைவிட முக்கியமாக, மண்டலங்களுக்காக மத்தியச் சட்டங்களைத் தளர்த்த இடம்கொடுக்கும் 49-ஆவது பிரிவே தொழிற்சங்கம், பி.எஃப்., மகப்பேறு உரிமைகளில் கைவைக்கக் கூடாது என்கிறது. வரிக்காக ஒரு நிலத்தை வெளிநாடு என்று பாவனை செய்யலாம், அங்கே உழைப்பவரை அந்நியராகப் பாவிக்கக் கூடாது. எனக்கு இது சரியான அறக்கோடாகவே தெரிகிறது. அந்த வேலையால்தான் அவள் கையில் சொந்தச் சம்பளம் வந்தது என்பதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் 2006-இல் வந்த விதிகள் அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் அழிக்கின்றன. அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் அதிகாரத்தை மண்டலத்தின் வளர்ச்சி ஆணையரிடமே ஒப்படைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கின்றன. ஏற்றுமதியை வளர்ப்பது யாருடைய வேலையோ, அவரே தொழிலாளியின் வழக்கையும் கேட்பார். உரிமை காகிதத்தில் அப்படியே இருக்கிறது. நடுவர் மட்டும் மாறிவிடுகிறார். வரிச்சலுகையோடு எனக்குச் சண்டையில்லை. நடுவராவது மண்டலத்துக்கு வெளியே இருக்க வேண்டாமா?

போன வாரம் அவள் கேட்டாள்: “நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யார்கிட்டண்ணா போறது?”

தமிழ்நாட்டு மண்டலங்களுக்கான வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தாம்பரத்தில் இருக்கிறது. ஊத்தங்கரையிலிருந்து அங்கே போக அவள் ஒருநாள் சம்பளத்தை விடவேண்டும். அதை மட்டும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.