விலையில்லா விருந்தும் தீராக் கடனும்

விலை கொடாமல் பெற்ற ஒன்றுக்கு நன்றிக்கடன் உண்டா? கொடுத்தவரை நாம் அறிவோமாயின், உண்டு என்று எவரும் சொல்வர். ஆனால் திறந்த வெளியில், 'வருவோர் யாவரும் வருக' என்று நடத்தப்பெறும் இசை விழாவில் புல்தரையில் அமர்ந்து கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் யாருக்குக் கடன்பட்டவன்?

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில் ஓர் இலவச இசை விழா நடந்தது. 1967ஆம் ஆண்டின் 'அன்புக் கோடை'யினுடைய நாற்பதாம் ஆண்டு நிறைவு அது. வியட்நாம் போரை வெறுத்து, பெற்றோர் தேடிய செல்வத்தை உதறி, நீள்முடியும் மணிமாலையுமாகத் திரிந்த ஹிப்பி இளைஞர்களின் காலத்தைப் போற்றிய விழா. அத்தகைய விழாவுக்குச் செல்பவர் எதைக் கொண்டாடுகிறார் என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

ஹிப்பிகளுக்கு 'இலவசம்' என்பது வெறும் சலுகை அன்று, ஒரு கொள்கை. 1966இல் அதே நகரில் டிக்கர்ஸ் என்னும் குழுவினர் பூங்காவிலே உணவு சமைத்து வந்து, கேட்டவர்க்கெல்லாம் வழங்கினர். எப்பொருளுக்கும் விலையில்லாத கடை ஒன்றையும் நடத்தினர். வாங்குவோன், விற்போன் என்னும் உறவை ஒழித்துவிட்டால் மனிதன் என்னும் உறவு மிஞ்சும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் பெருஞ்சோதனை, 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துப் பெத்தெல் என்னும் சிற்றூரில் தொடங்கிய வுட்ஸ்டாக் விழா. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் அம்மேடையில் தொடக்க நாளன்று அருளுரை ஆற்றினார் என்பது தமிழர் மறக்கலாகாத செய்தி. அது இலவச விழாவாகத் திட்டமிடப்பட்டதன்று. நுழைவுச்சீட்டுகள் முன்னரே விற்கப்பட்டிருந்தன. வேலி கட்டி முடியுமுன் கூட்டம் உள்ளே புகுந்துவிடவே, இலவசம் என்று அறிவிப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். மழை பெய்தது, உணவு தீர்ந்தது.

அப்போது நிகழ்ந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. சுற்றுவட்டாரத்து மக்கள் ரொட்டியும் முட்டையும் சேகரித்து அனுப்பினர். ஹாக் ஃபார்ம் என்னும் கூட்டு வாழ்க்கைக் குழுவினர் பெருங்கலங்களில் சமைத்துப் பரிமாறினர். நிலத்துக்குரியவரான மாக்ஸ் யாஸ்கர், பால்பண்ணை நடத்தியவர். அவ்விளைஞர்களின் அரசியலோடு உடன்படாதவர். வியட்நாம் போரை ஆதரித்தவர். அவரது பாலை வாங்காதீர் என்று ஊரார் பலகை வைத்த பின்னும் வாக்கு மாறவில்லை. சிலர் குடிதண்ணீரைக் காசுக்கு விற்பதாகக் கேள்வியுற்றுச் சினந்து, 'தண்ணீர் இலவசம்' என்று எழுதி வைத்தார் என்பர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்த மரபில் வந்த நமக்கு அம்மனிதர் அயலாராகத் தோன்றவில்லை.

ஆக, அவ்விலவசத்திற்கு விலை இல்லாமற் போகவில்லை, செலுத்தியவர் வேறாயினர். விழா நடத்தியோர் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன்பட்டனர். 1970இல் வெளிவந்த திரைப்படமும் இசைத்தட்டுகளும் ஈட்டிய வருவாயாலேயே அது பின்னர் மெல்ல அடைந்தது. மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் டிராக்டர் ஏறி மாண்டான். அந்த விலையை எத்திரைப்படத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

நான்கு மாதங்களுக்குள், டிசம்பர் 6ஆம் நாள், கலிபோர்னியாவின் ஆல்டமாண்டில் மற்றோர் இலவச விழா. இடமே கடைசி இரண்டு நாட்களில்தான் முடிவாயிற்று. மேடையைக் காக்கும் பொறுப்பு, 500 டாலர் பெறுமான பீருக்கு, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் கும்பலிடம் விடப்பட்டது என்பர். அன்று நால்வர் இறந்தனர். அவருள் ஒருவர், கைத்துப்பாக்கியை உருவிய பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர். மேடையருகே கத்திக்குத்துப்பட்டு மடிந்தார்.

முன்னது வென்றதும் பின்னது வீழ்ந்ததும் நற்பேற்றின் விளையாட்டே என்று ஒருவர் வாதிடலாம். நற்பேறும் இருந்தது, மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு வேறுபாடு கண்கூடு. பெத்தெலில், பெற்றவருள் பலரே பரிமாறுவோராகவும் ஆயினர். ஆல்டமாண்டில், ஒருவர் மற்றவரைக் காக்கும் கடமை கூலிக்கு விடப்பட்டது.

திருவள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்றும் 'ஈகை' என்றும் இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். இல்லாதவர்க்கு இருப்பவர் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்வோன் தன் கடமையெனக் கருதிச் செய்வது ஒப்புரவு. இலவசத்தை ஈகையாக மட்டும் கொண்டால் கொடுப்பவன் ஒருபுறமும் கையேந்துபவன் மறுபுறமும் நிற்பர். ஒப்புரவாகக் கொண்டால், வந்தவர் அனைவரும் அதன் பொறுப்பாளர் ஆவர். ஆல்டமாண்டில் அற்றுப்போனது அந்த ஒப்புரவே.

2017இல், அன்புக் கோடையின் ஐம்பதாம் ஆண்டுக்கென அதே பூங்காவில் இலவச விழா நடத்த முயன்றபோது, பாதுகாப்பு ஏற்பாடுகள் போதா என்று நகர நிர்வாகம் இசைவு மறுத்தது. கனவு கண்ட தலைமுறைக்கு அது கசந்திருக்கும். ஆயினும் கூட்டத்தின் உயிருக்கு எவர் பொறுப்பு என்று கேட்பது கனவுக்குப் பகையாகாது. ஆல்டமாண்டில் கேட்கப்படாத கேள்வி அதுவே.

ஆகவே, பழைய பாடல்களைக் கேட்டு, பழைய உடையை அணிந்து திரும்புவோர் அக்காலத்தின் நிழலையே கொண்டாடுகின்றனர். பக்கத்தில் அமர்ந்தவருக்குத் தண்ணீர் நீட்டியவரும், இருட்டியபின் குனிந்து குப்பை பொறுக்கியவரும் அதன் பொருளைக் கொண்டாடியவர் ஆவர்.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கும் இது பொருந்தும். சங்க விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்று மகிழ்ந்து வருகிறோம். விழா முடிந்தபின் நாற்காலிகளை அடுக்குவோர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக. அங்கே இன்னும் இரண்டு கைகளுக்கு இடம் இருக்கும்.