பயனில்லாத உயிர்

மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கு மருந்தா?

இந்தக் கேள்வியைக் கஞ்சத்தனத்தால் கேட்பவர் உண்டு, அவர்களை விட்டுவிடலாம். ஆனால் நெஞ்சில் ஈரமும் சமுதாய நோக்கும் உடைய நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். நாய் வளர்ப்பும் நாய்க்கு வைத்தியமும் வசதி படைத்தோரின் விளையாட்டு என்றும், உழைப்பவன் வீட்டில் அந்தப் பழக்கம் புகுவது மேல்தட்டு மோகம் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். கேள்வி வலிமையற்றதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்து மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருப்பதும் அதே பேராதனையில்தான். ஒரே ஊரில், ஒரு கட்டடத்தில் மனிதன் காத்திருக்க, மற்றொரு கட்டடத்தில் நாய்க்கு ஊசி போடப்படுகிறது என்று ஒருவர் கசந்து பேசினால் அவரை இதயமற்றவர் என்று நாம் சொல்லமாட்டோம்.

எனினும் அந்தக் கேள்வி எவரை நோக்கி எழுப்பப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

மும்பையில் 2024ஆம் ஆண்டு ஜூலையில் சிறு பிராணிகளுக்கான பெரியதொரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ரத்தன் டாட்டாவின் கனவு அது; செலவு 165 கோடி இந்திய ரூபாய். தம்முடைய நாயொன்றுக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்விக்க அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகம் வரை சென்றதையும், அதற்குள் காலம் கடந்துவிட்டதால் அந்தச் சிகிச்சை கைகூடாமற்போனதையும் அவரே சொல்லியிருக்கிறார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தபோது நாய்கள்மீது அவர் வைத்த அன்பை எழுதாத பத்திரிகை அரிது. நாமும் அதைக் குறை கூறவில்லை. அந்த மருத்துவமனை நல்ல காரியமே. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுதான்: அவரிடம் யாரும் ‘மனிதனுக்கே மருந்தில்லையே’ என்று கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டில் டெட்லியை வாங்கி உலகத் தேயிலை வாணிகத்தில் முன்வரிசைக்கு வந்த ஒரு பெருங்குடும்பத்தின் தலைவர் நாய்க்காகக் கடல் கடந்தால் அது கருணை. தேயிலை பறிக்கும் பெண்ணொருத்தி நாய்க்காகப் பசறையிலிருந்து பதுளைக்குப் பஸ் ஏறினால் அது ஊதாரித்தனம்!

அப்படி ஏறிய ஒருத்தியை நாம் அறிவோம். நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதற்குப் பிந்திய மாதங்களில் நடந்தது இது. தோட்டத்தில் பணத்தை ரூபாயில் எண்ணுவதைவிடப் ‘பேரில்’ எண்ணுவதே வழக்கம். குறித்த கிலோ கொழுந்து நிறுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரே இல்லை. எனவே ஒரு செலவு என்றால் கையை விட்டுப் போகும் காசு மட்டுமல்ல, அதற்காக இழந்த பேரும் அதில் சேரும்.

நாயின் பெயர் சீசர். (நம் லயங்களில் டைகர், ஜிம்மி, ரோசி, சீசர் என்றே நாய்கள் அழைக்கப்படுகின்றன. பங்களாத் துரைமாரின் நாய்களிலிருந்து இறங்கிவந்த பெயர்கள் போலும். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுபவர்கள் நாய்க்கு மட்டும் ரோமாபுரிப் பெயர் வைத்தது ஒரு பழிவாங்கலா என்று நாம் நினைத்துச் சிரித்ததுண்டு.) ஆறு வயது. மழைக்காலத்தில் ஒருநாள் தின்பதை நிறுத்தியது. காய்ச்சல் வரும், போகும், ஈறுகள் வெளுத்தன, பின்னங்கால்கள் தள்ளாடின. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ‘விசராக இருக்குமோ’ என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தைக் கொடுமை என்று எழுதிவிட நாம் தயாரில்லை. இந்நாட்டில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் மாண்டனர். இன்று அந்தத் தொகை மிகக் குறைந்துவிட்டது. பழைய பயம் குறையவில்லை. அவள் தடுப்பூசி அட்டையைக் காட்டினாள். பிள்ளைகளைக் கிட்டே விடாமல் நாயை விறகடுக்கும் தாழ்வாரத்தில் தனியே கட்டினாள். அறிவும் அன்பும் ஒருசேரச் செய்த காரியம் அது.

முதல் முறை பதுளைக்குப் போனபோது, உண்ணியால் பரவும் காய்ச்சலாக இருக்கலாம் என்று மிருக வைத்தியர் சொன்னார். உண்ணியின் வழியே உடலுக்குள் புகும் நுண்ணுயிர் செங்குருதிக் கணங்களை அழிப்பதால் ஈறு வெளுக்கிறது. மலைநாட்டிலும் அது புதிதல்ல. ஆனால் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த இரத்தத்தில் அந்த நுண்ணுயிர் தென்படவில்லை. தென்படாததால் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குறைந்த அளவில் இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். எலிக்காய்ச்சலோ, ஈரலோ, வேறெதுவோ? ஊசிகளும் மாத்திரைகளும் கொடுத்தார். இரண்டு நாள் தேறியது, மறுபடியும் விழுந்தது. இரண்டாம் முறை போனபோது, பேராதனைக்குக் கொண்டுபோனால் நுட்பமான பரிசோதனைகள் செய்யலாம், ஆனால் நோய் பிடிபடும் என்று உறுதி கூறமுடியாது என்றார். நேர்மையான வைத்தியர். அதற்குள் எட்டுப் பேர் கரைந்திருந்தது. பேராதனை என்றால் வாகனம், கூடப்போக ஓர் ஆள், தங்க நேர்ந்தால் அதற்கொரு வழி: குறைந்தது அரை மாதச் சம்பளம்.

நோய் இன்னதென்று தெரிந்தால் செலவைப் பற்றி முடிவெடுக்கலாம். தெரியாதபோது, ஒவ்வொரு பரிசோதனையும் ‘இதைச் செய்தால் தெரிந்துவிடுமோ’ என்ற ஆசையையே விற்கிறது. அந்த ஆசைக்கு எங்கே எல்லை வகுப்பது? பணமுள்ளவனுக்குப் பணம் எல்லையல்ல. ஆகவே அவன் இந்தக் கேள்வியைச் சற்றுப் பிந்திச் சந்திக்கிறான். ஏழைக்கு அது முதல் வாரத்திலேயே வாசலில் வந்து நிற்கிறது.

இவ்விடத்தில் அரசின் கணக்கையும் பார்க்கவேண்டும். பிரதேசந்தோறும் அரச கால்நடை வைத்தியர் இருக்கிறார். அவருடைய முதன்மைக் கடமை கறவைமாடும் ஆடும் கோழியும். நாயைக் கொண்டுபோனால் அவர் துரத்திவிடுவதில்லை. ஆனால் அவருக்குத் தரப்பட்ட மருந்தும் ஆளும் வாகனமும் பாலுக்கும் இறைச்சிக்குமாகத் தரப்பட்டவை. நாயை அரசு தேடிவருவது பெரும்பாலும் விசர்நோய்த் தடுப்பூசிக்காகவே. அதுவும் நாயின் பொருட்டன்று, மனிதன் பொருட்டு. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் முதல் நாய் நமது சட்டத்தில் ஓர் ஆபத்தாகவே பதிவாகியிருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது 2006ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆனாலும் கணக்கின் அடிப்படை மாறவில்லை. பயன் தந்தால் மருந்து. பயம் தந்தால் ஊசி. இரண்டும் தராமல் வெறுமனே நோயுற்றுக் கிடக்கும் உயிருக்கு அக்கணக்கில் பத்தியே இல்லை.

இந்தக் கணக்கு தோட்டத்து மக்களுக்குப் புதியதா? காப்பித் தோட்டங்களில் தொழிலாளர் மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1872ஆம் ஆண்டில், அவர்களுடைய மருத்துவத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்தது. மனிதாபிமானம் அதில் அறவே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் முன்பணம் கொடுத்து இறக்கிய ஆள் செத்துப்போனால் நட்டம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. மண்டபம் முகாமில் நம் முன்னோரைத் தடுத்துவைத்துச் சோதித்தது அவர்கள் சுகத்துக்காகவா? கொலராவும் பிளேக்கும் கப்பலேறி வந்துவிடக்கூடாது என்பதற்காக. 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். புழு இரத்தத்தை உறிஞ்சினால் கொழுந்துக் கூடை கனக்காது என்பதைத் தோட்டக்காரர்கள் விரைவில் புரிந்துகொண்டார்கள். பயனும் பயமும்! தொழிலாளியை நாயோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். நாம் ஒப்பிடுவது உயிர்களையல்ல, அவற்றை எடைபோட்ட தராசை. அது ஒரே தராசு.

அந்தத் தராசில் நான்கு தலைமுறை நிறுக்கப்பட்டவர்களின் பேத்தி, எந்தப் பயனும் தராத ஒரு பிராணிக்காக எட்டுப் பேரை இழந்தாள் என்றால், அதை மேல்தட்டு மோகம் என்று நம் நண்பர்கள் எப்படிச் சொல்லத் துணிகிறார்கள்? தன்னை எடைபோட்ட முறையால் இன்னோர் உயிரை எடைபோட அவள் மறுத்தாள். அவள் இப்படியெல்லாம் சொல்லவில்லை. “அதுக்கு வாய் இல்ல சேர். எங்க வலிக்குதுன்னு கேக்கவா முடியும்? நாமதானே பாக்கணும்” என்றுதான் சொன்னாள்.

நம் பழங்கதைகள்கூட இந்த அளவுக்கு வந்ததில்லை என்று சிலசமயம் தோன்றுகிறது. அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் வயிற்று நோயால் வருந்திய நாகமொன்றுக்கு அறுவை செய்து குணப்படுத்தினான் என்று சூளவம்சம் சொல்லுகிறது. அழகான கதை. ஆனால் நாகம் பதிலுக்கு ஒரு மணியைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. அதே மன்னன் யானைக்கும் குதிரைக்கும் படைவீரருக்கும் வைத்தியர்களை நியமித்தான்; மூன்றும் போருக்கு வேண்டியவை. தருமபுத்திரன் கைவிட மறுத்த நாயும் இறுதியில் தருமதேவதையாகிவிடுகிறது. கைம்மாறில்லாமல் கதையை முடிக்கக் கதைசொல்லிகளுக்கு மனம் வரவில்லை. சீசர் கடைசிவரை நாயாகவே இருந்தது.

ஆனால் அன்பைப் புகழ்ந்துவிட்டு நழுவிவிடுவது நேர்மையாகாது. பேராதனைக்குப் போவதா, வேண்டாமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நோயின் உச்சத்தில் ஊசி போட்டு உயிரை முடித்துவிடலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து பதுளையிலும் பேசிச் சென்ற காந்தியடிகளுக்கு அடுத்த ஆண்டே இப்படியொரு சோதனை வந்தது. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று புரண்டு படுக்கவும் இயலாமல் வேதனையில் கிடந்தது. இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வைத்தியர் கூறியபின், ஆசிரமத்தாரிடையே கருத்து வேறுபாடு இருந்தும், ஊசியால் அதன் உயிரைப் போக்க அவர் இணங்கினார். நாடெங்குமிருந்து வசைக் கடிதங்கள் குவிந்தன. அதற்கு ஈராண்டுக்கு முன், அகமதாபாத்தில் ஆலையதிபர் அம்பாலால் சாராபாய் தெருநாய்களைக் கொல்வித்ததை ஆதரித்தபோதும் அப்படியே. காந்தியத்தின் பொருளாதாரத்தோடு நமக்குள்ள பிணக்கு வேறு. இந்த இடத்தில் அவர் கேட்ட கேள்வி சரியானது. கொல்லுகிறோமா, கொல்லாதிருக்கிறோமா என்பதல்ல. நாம் செய்வது யாருடைய நோவைக் குறைக்கிறது, அந்த உயிருடையதையா, நம்முடையதையா?

இந்தக் கேள்வியைச் செலவின் பக்கமும் திருப்பலாம். பேராதனைக்கு ஆறேழு மணி நேரம் ஆட்டி அலைத்துக் கொண்டுபோவது நாயின் நோவைக் குறைக்குமா, அல்லது ‘எல்லாம் செய்தேன்’ என்ற நமது ஆறுதலுக்கா? பணம் அன்புக்குச் சான்று என்று நாம் பழக்கப்பட்டுவிட்டோம். கலியாணத்திலும் சாவிலும் கடன்பட்டு அந்தச் சான்றைக் காட்டுகிறோம், வைத்தியத்திலும் அப்படியே. அந்தத் தாய்க்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை. மகனின் பரீட்சைக் கட்டணமும் மாமியாரின் கண் மருந்தும் எதிரே நின்றன. பேராதனை வேண்டாம் என்று தீர்மானித்தாள். ஊசியும் வேண்டாம் என்றாள். நோய் இன்னதென்று தெரியாதபோது, இனிப் பிழைக்காது என்று சொல்லவும் ஆளில்லை அல்லவா? கன்றுக்குக் கிடைத்த அந்தத் தீர்ப்பு சீசருக்குக் கிடைக்கவில்லை. நோவு குறைய வைத்தியர் தந்த மாத்திரையைக் கஞ்சியில் கரைத்து ஊற்றினாள். பதினோராம் நாள் நாய் செத்தது. நோய்க்குப் பெயர் வைக்கப்படவே இல்லை.

மினசோட்டா வரை போனவரைவிட இவள் குறைவாக நேசித்தாள் என்று நாம் ஒப்பமாட்டோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவளுடைய தீர்மானம் சரியானது என்று நாம் கருதுகிறோம். அது சுதந்திரமான தீர்மானமா என்பது வேறு கேள்வி. கையில் பணமிருந்து, யோசித்து, வேண்டாம் என்று நிறுத்துவது ஒன்று. கை வெறுமையாக இருந்ததால் நின்றுபோவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதை விவேகம் என்போம். இரண்டாவதைச் சிலர் ‘அவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு’ என்பார்கள். வறுமை எடுத்த முடிவை ஏழையின் குணமாக எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்தை நம் மாணவர்களாவது விடவேண்டும்.

நாயைப் புதைக்கவும் சொந்த மண் இல்லை. லயத்தைச் சுற்றியுள்ளதெல்லாம் தோட்டத்து நிலம். கங்காணி பாராததுபோல் போனதால் மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் ஒரு குழி கிடைத்தது.

மனித மருந்தா நாய் மருந்தா என்ற கேள்விக்கு, இரண்டும் ஒரே பையிலிருந்து எடுக்கப்படுவதில்லை என்பதே நமது விடை. 2022இல் சத்திரசிகிச்சைகள் நின்றது நாய்கள் மருந்தைத் தின்றதனாலன்று. அந்நியச் செலாவணி தீரும்வரை நாட்டை நடத்தியவர்களால். உண்ணியைத் தடுக்கும் மருந்துக்கு, நோய் வந்தபின் ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. விசர்நோய்த் தடுப்பூசிக் குழு தோட்டத்துக்கு வரும் நாளில் உண்ணி மருந்தையும் கொண்டுவரலாம். அரச கால்நடை வைத்தியர் மாதத்தில் ஒருநாள் பிரட்டுக்களத்துக்கு வந்து போகலாம். தோட்டத்தில் மாடு வளர்ப்போரும் அதனால் பயன் பெறுவர். (பார்த்தீர்களா, நாமும் பயனைச் சொல்லித்தான் கேட்கவேண்டியிருக்கிறது!) இதைக் கோரி ஒரு விண்ணப்பம் எழுதுவது பற்றித் தோட்டத் தலைவர்மார் இருவரிடம் பேசினோம். ஒருவர் சிரித்தார். மற்றவர் தம் வீட்டு நாய்க்கும் உண்ணி அதிகம் என்று சொல்லி, விண்ணப்பத்தை எந்த அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டார்.