எண்ணை எழுதாமல் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்

ஒவ்வொரு துப்பாக்கியின் உடலிலும் ஓர் எண் பொறித்திருக்கிறது. அதைப் படித்து நோட்டில் எழுத அரை நிமிடம் போதும். நட்பு நாட்டுக்கு ஆயுதம் கொடுக்கும் அரசுகளே, அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மிச்சம் பிடித்தவர்களின் கதை கண்முன்னே கிடக்கிறது. 2004 டிசம்பரிலிருந்து 2008 ஜூன் வரை ஆப்கான் படைகளுக்காக அமெரிக்கா வாங்கி அனுப்பிய ஆயுதங்கள் சுமார் 2,42,000. அவற்றில் 87,000க்கு முழுக் கணக்கு இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2009இல் சொன்னது. சுமார் 46,000 ஆயுதங்களுக்கு எண்ணையே காட்ட முடியவில்லை. மீதி 41,000க்கு எண் இருந்தது. ஆயுதம் எங்கே, என்ன ஆனது என்பதற்குப் பதில் இல்லை. முதலாவது சோம்பல். இரண்டாவது, எழுதியதோடு வேலை முடிந்தது என்கிற நினைப்பு. இதுதான் அதிக ஆபத்து. நோட்டு நிறைந்திருக்கும், மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார், கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆகவே எழுதியதைத் திரும்பப் போய்ப் பாருங்கள். துப்பாக்கியை மட்டுமல்ல, அதைப் பிடிக்கும் ஆளையும் எண்ணுங்கள். 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரம் ஐஎஸ் அமைப்பிடம் விழுந்தது. அங்கே 2,300 ஹம்வீ வண்டிகளை இழந்தோம் என்று பிரதமர் ஹைதர் அல் அபாதி பின்னர் ஒப்புக்கொண்டார். அதே அபாதிதான் 2014 இறுதியில் இன்னொன்றையும் சொன்னார்: ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் 50,000 பேர் பெயரளவில்தான் இருந்தார்கள். இல்லாத சிப்பாய் எப்படி வண்டியைக் காப்பான்? பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். பிச்சைக்கே அப்படியென்றால் பீரங்கிக்கு?

இது அமெரிக்காவின் தலைவலி என்று நாமும் ஒதுங்க முடியாது. ஆப்கானிஸ்தானுக்கு இந்தியாவும் தாக்குதல் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் குந்தூஸ் விமானத்தளத்தைத் தாலிபான்கள் பிடித்தபோது, இந்தியா கொடுத்த ஒன்று அவர்கள் கையில் சிக்கியது. அப்போது வெளியான படத்தில் அதற்குச் சுழல் இறக்கைகள் இல்லை. பறக்க முடியாததைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் வரிப்பணத்தில் போன பொருள் யார் வாசலில் நிற்கிறது என்று நாம் அதுவரை ஒருமுறையாவது கேட்டிருந்தோமா?

குண்டு விழும் இடத்தில் நோட்டும் பேனாவுமா என்பார்கள். நியாயமான கேள்விதான். போர் நடக்கும் உக்ரைனுக்கு அமெரிக்கா கொடுத்தவற்றில் தனிக் கண்காணிப்பு தேவைப்படும் தளவாடங்களின் மதிப்பு சுமார் 169 கோடி டாலர். அதில் 100 கோடி டாலருக்கும் மேற்பட்டவற்றின் சரிபார்ப்பு உரிய காலத்தில் முடியவில்லை என்று பென்டகனின் தலைமைக் கண்காணிப்பாளர் 2024 ஜனவரியில் அறிவித்தார். திருடுபோயின என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. பார்த்து முடிக்கவில்லை என்றுதான் சொன்னது. அமெரிக்க அதிகாரிகள் போர்முனைக்குப் போக முடியாததால், பார்கோடு படிக்கும் கருவிகளை உக்ரைன் வீரர்களிடமே கொடுத்திருந்தார்கள். தாமதம் இருந்தது, வழியும் இருந்தது. சிரமம் என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம், கைவிடுவதற்குக் காரணமாகாது.

வாங்கும் நாடுகளுக்கும் ஒரு சொல். கணக்குக் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கிடங்கிலிருந்து காணாமல்போகும் துப்பாக்கி முதலில் திரும்புவது உங்கள் பிள்ளைகளின் பக்கம்தான்.

அடுத்த பெட்டி திறக்கும்போது, பூட்டைத் திறப்பவர் பக்கத்தில் நோட்டோடு ஒருவர் நிற்கட்டும். அவர் கடைசி எண்ணை எழுதி முடிக்கும்வரை யாரும் கை நீட்ட வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே நோட்டோடு அவர் திரும்ப வரட்டும்.