பயன்படாமைக்கென ஒரு படைக்கலம்

கருவி எதுவும் அதன் பயன்பாட்டினாலேயே விளக்கம் பெறும். ஏர் உழுதற்கு, தறி நெய்தற்கு, வாள் வெட்டுதற்கு. இவ்விதிக்குத் தான் விலக்கு எனக் கூறும் கருவியொன்று இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள பரோ இன் பேர்னெஸ் என்னும் நகரிலே உருவாகிக்கொண்டிருக்கிறது. அணுசக்தியால் இயங்கி, அணுகுண்டு பொருத்திய ஏவுகணைகளைச் சுமக்கவுள்ள ‘டிரெட்நோட்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலே அது. நீளம் ஏறத்தாழ 153 மீற்றர். நிறை 17,200 தொன். ஏவுகணைக் குழாய்கள் 12. முதல் உருக்குத் தகடு 2016 ஒக்டோபரில் வெட்டப்பட்டது. மரக்கலம் கட்டுவோர் ‘ஏரா வைத்தல்’ என வழங்கும் சடங்கு 2025 மார்ச் 20ஆம் நாள் பிரதமர் முன்னிலையில் நிகழ்ந்தது. இவ்வகைக் கலங்கள் நான்கு கட்டப்படும்; மதிப்பிட்ட செலவு 31 பில்லியன் பவுண். இவை ஒருபோதும் பயன்படக்கூடாது என்பதே கட்டுவோரும் கட்டுவிப்போரும் ஒருங்கே கூறும் விருப்பமாகும். பயன்படாமையே இதன் பயன் என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் எள்ளி நகையாடிவிட முடியாது. ஆழ்கடலில் மறைந்துள்ள கலத்தைப் பகைவன் முதல் அடியில் அழித்தல் அரிது. எனவே அதனை உடைய நாடு அவசரப்பட்டு முந்திக்கொள்ள வேண்டியதில்லை. பொறுத்திருந்து பதிலடி கொடுக்கலாம் என்னும் உறுதியே இரு தரப்பையும் அடக்கி வைக்கும் என்பர். 1945இன் பின் வல்லரசுகள் தமக்குள் முழுப்போர் நிகழ்த்தாமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். ஆயின், ஒரு செயல் விளைவால் நன்மை தருகிறது என்பது வேறு. அச்செயலின் உள்ளிருக்கும் எண்ணம் அறத்துக்கு ஏற்றது என்பது வேறு.

2016 யூலை 18இல் இக்கலங்களைக் கட்டுவது பற்றிப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஓர் இலட்சம் அப்பாவி ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக்கூடிய தாக்குதலுக்கு அனுமதி அளிக்கத் தாங்கள் ஆயத்தமா என உறுப்பினர் ஜோர்ஜ் கெரவன் வினவினார். பிரதமர் தெரேசா மே தயங்காது ‘ஆம்’ என்றார். பயன்படுத்த ஆயத்தமென்பதைப் பகைவர் அறிந்தாலன்றித் தடுப்பு என்பதற்கே பொருளில்லை என்பது அவர் தந்த விளக்கம். பிரேரணை 472க்கு 117 என நிறைவேறிற்று. அவ்விடை பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆயினும் அன்று அவையில் ஒலித்த மிக நேர்மையான சொல் அதுவே எனலாம். தயங்கியிருப்பின் கலமே வீண்.

இங்கேதான் மெய்யியற் சிக்கல் எழுகிறது. தீயதொன்றைச் செய்ய எண்ணுதல் தீது. ஆனால் அவ்வெண்ணமே அத்தீமை நிகழாது தடுக்குமாயின்? அமெரிக்க மெய்யியலாளர் கிரெகரி கவ்கா 1978இல் இம்முரணை ஆராய்ந்தார். நல்லவன் ஒருவன் நன்மை கருதியே அத்தகைய எண்ணத்தைத் தன்னுள் வளர்க்க வேண்டின், அவன் தன் நன்மையையே ஓரளவு கெடுத்துக்கொள்ள வேண்டியவனாகிறான். மெய்யாகவே கொல்லத் துணியாதவனுக்கு மெய்யான எண்ணம் வாய்க்காது.

பாவனை போதாதோ எனச் சிலர் கேட்பர். பாவனைக்கும் ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. பிரித்தானியப் பிரதமர் பதவியேற்றதும் நான்கு கடிதங்களைத் தம் கைப்பட எழுதி முத்திரையிடுவார். நாடு அழிந்து அரசு அற்றுப்போன நிலையில் கலத்தின் தலைவன் செய்யவேண்டியது அவற்றில் இருக்கும். பதிலடி கொடு என்றும் எழுதலாம். வேண்டாம் என்றும் எழுதலாம். பதவி நீங்கியதும் அவை பிரிக்கப்படாமலே அழிக்கப்படும். ஆகவே பிரதமர் ஒருவர் உலகறிய ‘ஆம்’ எனக் கூறி, கடிதத்தில் ‘வேண்டாம்’ என எழுதித் தம் மனச்சாட்சியைக் காத்துக்கொள்ளல் இயலும்.

ஆனால் அவர் காப்பது தம் மனச்சாட்சியை மட்டுமே. கலத்திலுள்ளோர் அக்கடிதத்தை அறியார். கட்டளை வரின் நிறைவேற்றுவோம் என்னும் துணிவு அவர்களிடம் மெய்யாகவே இருத்தல் வேண்டும், அதற்கெனவே பயிற்றப்படுகின்றனர். தனியொருவன் பாவனை செய்யலாம். ஒரு நிறுவனம் முழுவதும் பாவனை செய்யவொண்ணாது. மேலே ஒருவர் தூயவராயிருக்கக் கீழே நூற்றுக்கு மேற்பட்டோர் கொலைக்கு உளங்கொண்டிருத்தல் எவ்வகை அறம்? ஜேம்ஸ் கலகன் இத்தந்திரத்தை நாடவில்லை. தேவை நேர்ந்திருப்பின் கட்டளையிட்டிருப்பேன், ஆயின் உயிர் பிழைத்திருந்தால் என்னை ஒருபோதும் மன்னித்திருக்க மாட்டேன் என அம்முன்னாட் பிரதமர் 1988இல் கூறினார். பாரத்தைத் தம் தோளிலேயே வைத்துக்கொண்ட கூற்று அது.

கட்டும் தொழிலாளியின் பங்கு யாது? உருக்கைக் காய்ச்சி இணைப்பவன் எந்த நகரையும் குறிவைக்கவில்லை. பரோ நகரின் வாழ்வும் கப்பற்றளத்தையே நம்பியுள்ளது. வேறு பிழைப்பற்ற ஊரில் வேலையை மறுத்து வெளியேறுக எனத் தூரத்திலிருந்து உபதேசித்தல் மலிவான அறம். ஆயினும் பங்கே இல்லை என்றலும் பொருந்தாது. 1976இல் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர் வேலையிழப்பை எதிர்நோக்கிய வேளையில், படைக்கலங்களுக்குப் பதிலாகத் தம் திறனால் ஆக்கத்தக்க ஏறத்தாழ 150 பொருள்களைத் தாமே திட்டமிட்டு முன்வைத்தனர். சிறுநீரக இயந்திரமும் அவற்றுள் ஒன்று. நிருவாகம் அதனை ஏற்கவில்லை. ஆனால் எதை ஆக்குவது என்ற வினா தொழிலாளிக்கும் உரியது என்பதை அவர்கள் நாட்டிவிட்டனர்.

கட்டுமானத்திலுள்ள கலத்துக்கே உரிய வினாவொன்று இன்னும் உண்டு. ‘நீ தாக்கினால் நான் தாக்குவேன்’ என்னும் மிரட்டலில் ‘நீ’ என ஒருவன் இருக்கவேண்டும். டிரெட்நோட் 2030களின் தொடக்கத்திற் கடலுக்குச் செல்லும். குறைந்தது 30 ஆண்டுகள் பணியாற்றுமாறு திட்டமிடப்பட்டுள்ளது. 2060இல் பகைவர் யாவர் என இன்று எவரும் அறியார். அன்று அதன் இலக்காகக்கூடிய குழந்தைகள் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள்மீது இன்றைய தலைமுறை கொள்ளும் எண்ணத்தை, அன்றைய தலைமுறை ஆயத்தமாக நிற்கும் இயந்திரமாகப் பெற்றுக்கொள்ளும். இத்தகைய கலங்கள் எளிதில் மறைவனவுமல்ல. பிரித்தானியாவின் முதல் அணு நீர்மூழ்கியும் டிரெட்நோட் என்னும் பெயரையே தாங்கியது. 1960இல் அதே பரோவில் நீரில் இறக்கப்பட்டு, 1980இல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் 40 ஆண்டுகளுக்கு மேலாகியும், கதிரியக்கம் ஏறிய அதன் உடல் பிரித்தெடுக்கப்படாமல் ஸ்கொத்லாந்தின் றொசைத் துறையிற் கட்டிக் கிடந்துவந்துள்ளது.