அளந்து பார்ப்பது சந்தேகமா?

“நான் தண்ணீர் கலப்பவனல்ல; என் பாலை ஏன் சோதிக்கிறீர்கள்?” என்று நேர்மையான ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? பிறர்மீது தப்பெண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறதே!

குஜராத்தின் கேடா மாவட்டத்தைப் பாருங்கள். இடைத்தரகர் வைத்ததே விலை என்றிருந்த நிலையை எதிர்த்து, அங்குள்ள உழவர்கள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946 டிசம்பரில் ஆனந்த் நகரில் பால் கூட்டுறவு ஒன்றியத்தைப் பதிவு செய்தனர். ஓர் எருமை உடையவருக்கும் பத்து எருமை உடையவருக்கும் கிராமச் சங்கத்தில் ஒரே வாக்குத்தான். காலையும் மாலையும் ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ப விலை தருகிறார்கள்.

சோதனை ஏன்? எல்லோர் பாலும் ஒரே கேனில் கலந்துவிடுகிறது. சோதிக்காவிட்டால், ஒருவர் ஊற்றிய தண்ணீரின் நட்டம் ஊற்றாதவர் தலையில் விழும். ஆகவே, சோதனை எவரையும் கள்வரென்று சொல்வதில்லை. நேர்மையாளரின் உரிமையைக் காக்கிறது. கடனை எழுதிவைக்கும்படி திருமறை பணிப்பதும் நண்பரைச் சந்தேகிக்க அல்ல. சந்தேகம் எழாமல் காப்பதற்கே.

ஆனால், அளப்பவரும் கணக்குக் காட்ட வேண்டும். குறைத்து எழுதும் கை, தண்ணீர் ஊற்றும் கையைவிட மேலானதல்ல. அளவையில் மோசம் செய்வோரின் பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது!

கருவி கொழுப்பை அறியும், நிய்யத்தை அறியாது. அதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. பாலும் அமானிதம், அளவும் அமானிதம், விலையும் அமானிதமே. பால்காரரின் படியைக் கூர்ந்து பார்க்கும் நாம், மாதம் பிறந்ததும் அவர் பணத்தைக் கொடுத்துவிடுகிறோமா? நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.